ஈப்போவில் பிளேஸ்டேஷன், தோட்டத்தில் மைன்கிராப்ட்

ஈப்போ பழைய நகரத்தில், ஒரு காப்பிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது அந்த கேம் கடை. சனிக்கிழமை மதியம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் குளிர் முகத்தில் அடிக்கிறது. சுவரோரம் வரிசையாகத் தொலைக்காட்சிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சோபா, ஒரு பிளேஸ்டேஷன் 5. மணிக்கணக்கில் வாடகை. அநேகமாக எல்லாத் திரையிலும் பந்து உருண்டுகொண்டிருந்தது. மலாய்ப் பையன்களும் சீனப் பையன்களும் நம் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கோல் விழுந்தால் மூன்று மொழியிலும் சத்தம் எழுகிறது.

நான் பந்தாட்டம் கேட்கவில்லை. ‘ஆஸ்ட்ரோஸ் பிளேரூம்’ போடச் சொன்னேன். பிளேஸ்டேஷன் 5 வாங்கும்போதே உள்ளே இருக்கிற இலவச ஆட்டம் அது. ஒரு குட்டி ரோபோவை நடக்கவிட்டு, கையில் இருக்கும் கன்ட்ரோலரால் என்னவெல்லாம் முடியும் என்று காட்டுவதற்காகவே செய்தது. ரோபோ மணலில் நடந்தால் கையில் ஒரு நறநறப்பு. கண்ணாடித் தரைக்கு வந்தால் அது சின்னச் சின்னத் தட்டலாக மாறுகிறது. மழையில் உள்ளங்கை முழுக்கத் துளித்துளியாக ஏதோ விழுகிறது. கண்ணை மூடிக்கொண்டு நடத்திப் பார்த்தேன். தரை மாறுவதைக் கை சொல்லிவிட்டது. ஆள்காட்டி விரலுக்கு வாகாக இருக்கும் விசை ஓர் இடத்தில் இறுகி விரலை எதிர்த்துத் தள்ளுகிறது. இன்னும் அழுத்தினால் சட்டென்று விட்டுக்கொடுக்கிறது. இந்த விசையைப் பற்றித் தோட்டத்துக்குப் போனபின் மறுபடி நினைக்க வேண்டியிருந்தது.

பக்கத்துச் சோபாவில் இருந்த பையன் படிவம் ஐந்து படிப்பவன். பொறுமை இழந்துவிட்டான். “அங்கிள், இது சின்னப் பிள்ளைங்க கேம் லா. டெக்கன் ஆடலாமா?”

டெக்கன் 8 ஆடினோம். ஆடிக்கொண்டே பாடம் நடத்தினான். திரை ஒரு விநாடிக்கு 60 படம் காட்டுகிறது. ஒரு படம்தான் ஒரு பிரேம். இந்த ஆட்டத்தின் மிக வேகமான குத்து 10 பிரேமில் வந்து விழும். அதாவது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்கு. எதிராளி கை ஓங்குவதைப் பார்த்துத் தடுக்க நினைத்தால் அதற்குள் குத்து விழுந்திருக்கும். முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். “லைன் ஸ்லோவா இருந்தா டெக்கன் ஆடவே கூடாது அங்கிள். ரெண்டு பிரேம் போனாலே போச்சு.” கணக்கை அவன் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. விரலில் வைத்திருக்கிறான்.

கன்சோலையும் கைப்பேசியையும் கிளவுடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் படம் தெளிவு என்று ஒப்பிடும் காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது வேறு. பேராக்கில், ஒரு முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள், யாருக்கு எந்த ஆட்டம் எட்டுகிறது என்று ஆடிப் பார்த்தே தெரிந்துகொள்ள விரும்பினேன். பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டில் 2,000 வெள்ளிக்கு மேல். 2025 பிப்ரவரியில் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. பெரிய நிறுவனங்களின் புதிய ஆட்டம் ஒன்றுக்கே 200, 300 வெள்ளி என்று போகிறது. அந்த மேல்மாடி சோபாக்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு முன் ‘மைக்ரோ ஜீனியஸ்’ பெட்டி இருந்த ஒரே வீட்டில் தெருவே கூடியிருந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதும் அல்ல.

அங்கிருந்து புந்தோங். கச்சாங் பூத்தே பொரிக்கும் எண்ணெய் வாசம் தெருவுக்குள் நுழையும்போதே வந்துவிடும். என் அக்கா மகள் மருத்துவமனையில் தாதி. இரவு வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்தவள், சாப்பாட்டு மேசையில் நிண்டெண்டோ சுவிட்சை நிறுத்தி வைத்திருந்தாள். அவள் எனக்குக் காட்ட நினைத்தது ‘வெண்பா’.

டொரொண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு செய்து, 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குப் போன தம்பதி வெண்பா, பாவலன். அவர்களுக்குப் பிறந்து ஆங்கிலத்தில் வளரும் மகன் கவின். ஆட்டம் என்பது சமையல்தான். அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. மிச்சம் இருப்பதை வைத்து, விட்டுப்போன படியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும்? வீட்டில் தினம் இட்லி வேகவைப்பவர்கள்கூட இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டிருக்க மாட்டார்கள், கை தானாகச் செய்துவிடும். திரையில் அதைத் தனியாக எடுத்து நம் முன்னால் வைக்கும்போதுதான் அதற்குள் இருக்கும் அறிவு தெரிகிறது.

முழு ஆட்டமும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சுடவோ ஓடவோ வேண்டியதில்லை. ஆனால் மகன் வளர்ந்து, அம்மாவின் தமிழைத் தட்டுத்தடுமாறி வாசித்துச் சமைக்க நிற்கும் இடத்தில் அக்கா மகள் ஏற்கெனவே அழுதிருக்கிறாள், அன்றைக்கும் அழுதாள். 2024-ல் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டம் ‘வெண்பா’தான். அதே ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் முதற்பரிசும் அதற்குக் கிடைத்தது. புந்தோங் சமையலறை மேசையில், பின்னால் குக்கர் விசில் அடிக்க, நம் பெயர்களும் நம் பாத்திரங்களும் ஒரு ஆட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்தபோது இதுவரை எத்தனை ஆட்டம் இப்படி இல்லாமல் போயிருக்கிறது என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது.

“மாமா, இது கனடாக்குப் போனவங்க கதை. நம்ம தாத்தா பாட்டி இங்க வந்த கதைய யாரு செய்வா?” என்றாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. காடியை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் பக்கம் கிளம்பினேன்.

சிம்மோர் தாண்டினால் சுண்ணாம்புக்கல் மலைகள் கூடவே வரும். பிறகு செம்பனை. ஒரு காலத்தில் இது பால்மரக் காடு. இன்னும் மேலே போனால் கோலகங்சார். 1877-ல் சிங்கப்பூர் வழியாக வந்த பால்மரக் கன்றுகளில் சிலவற்றை பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்டு வைத்த ஊர். அவற்றில் ஒரு மரம் இன்றும் வேலி போட்டுக் காக்கப்படுகிறது. அந்தக் கன்றுகளின் வம்சத்தில் நம் வம்சமும் கட்டுண்டது. 1948 ஜூன் 16-ல் இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, பன்னிரண்டு வருட அவசரகாலம் தொடங்கியது. சுட்டுத் தள்ளும் ஆட்டங்களுக்குக் கற்பனை நிலம் தேடி அலைகிறார்கள். இந்தச் சாலையில் அது நிஜமாகவே நடந்து முடிந்திருக்கிறது.

பெரிய ரோட்டிலிருந்து உள்ளே செம்மண் பாதையில் போக வேண்டும். லயன் வீடுகள் இடிக்கப்பட்டு வெகுகாலம் ஆகிறது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி சில வரிசை வீடுகள், அதற்கப்பால் கண் போகும் தூரம் வரை செம்பனை. 1980க்கும் 2000க்கும் இடையில் நாடு முழுவதும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் இடம்பெயர்ந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இங்கே இருப்பவர்கள் போகாமல் தங்கியவர்கள். பெரியவர்கள் ஈப்போ தொழிற்சாலைகளுக்கு வேன் பிடித்துப் போய் வருகிறார்கள்.

பிள்ளைகளைத் தேட வேண்டியிருக்கவில்லை. கோயில் மதிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கொரு கைப்பேசி. கண்ணாடி கீறாத கைப்பேசி ஒன்றுகூட இல்லை. மதில் ஏன் என்றால், அங்கேதான் லைன் கிடைக்கிறது. எந்தக் கல்லில் உட்கார்ந்தால் எத்தனை கோடு வரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

மொபைல் லெஜண்ட்ஸ். ஐந்து பேருக்கு ஐந்து பேர், மூன்று பாதை, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். தொடுதிரையின் இடது ஓரத்தில் கட்டை விரல் நடக்கிறது, வலது ஓரத்தில் அடிக்கிறது. ஈப்போ கன்ட்ரோலரின் எந்த நுட்பமும் இதில் இல்லை. வழுவழுப்பான கண்ணாடி மட்டும். ஆனாலும் ஐந்து பேரும் தோளோடு தோள் உட்கார்ந்து, “மேல வா, மேல வா, டர்ட்டில் எடு” என்று கத்தி ஆடும் வேகம் அந்த மேல்மாடி சோபாக்களில் இல்லை. 2024-ல் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி ரியாத்தில் இதே ஆட்டத்தின் கோப்பையை வென்றது. அதன் ஒவ்வொரு சுற்றையும் ஒப்பிக்கிறார்கள்.

ஒருவன் எடுத்த வீரன் மேலெழும்பி வானத்திலிருந்து எதிரிகள் நடுவே தொப்பென்று குதித்தான். “யாருடா இவன்?” என்றேன். “கத்தோத்காச்சா, அங்கிள். டேங்க்.” ஜாவாவின் நிழற்கூத்து வழியாக வந்த நம் கடோற்கசன்! பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன். சாகும்போதும் கௌரவர் படைமேல் விழுந்து அதை நசுக்கியவன். பையன்களுக்கு இது தெரியவில்லை. இந்தோனேசிய ஆள் என்றுதான் நினைத்திருந்தார்கள். மதிலுக்கு எதிர்வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டிக்குத் தெரிந்தது. “மாயாபஜார்ல ரங்காராவ் வருவாரே, அவருதானே? திடல்ல வெள்ளத்துணி கட்டிப் படம் போட்டாங்க தம்பி. நான் அப்ப சின்னப்புள்ள.” பேரனின் கைப்பேசியை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப்பிடித்துப் பார்த்தார். “ரங்காராவ் மாதிரி வராது” என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பையன் அன்றைக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை.

இனி கிளவுட். அதைச் சொல்வதற்குமுன் ஒரு கணக்கைத் தெளிவாக்கிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. மொபைல் லெஜண்ட்ஸில் படத்தை வரைவது கைப்பேசியே. வலையில் போய் வருவது யார் எங்கே நிற்கிறார், யார் என்ன அடித்தார் என்ற தகவல் மட்டும். அதனால் ஒரு ஆட்டத்துக்குச் சில மெகாபைட் போதும். கிளவுட் ஆட்டத்தில் நம் கையில் இருப்பது வெறும் திரை. ஆட்டம் எங்கோ ஒரு கணினிக் கிடங்கில் ஓடுகிறது. நாம் பொத்தானை அழுத்தினால் அந்த அழுத்தம் அங்கே போய், படம் அங்கே உருவாகி, சுருக்கப்பட்டு, இங்கே வந்து விரிய வேண்டும். விநாடிக்கு 60 முறை. ஓரளவு நல்ல படத்துக்கு விநாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்று கணக்கு வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 6.75 கிகாபைட். டாப்-அப் போட்டு டேட்டா வாங்கும் பிள்ளையிடம் இந்த எண்ணைச் சொன்னேன். சிரித்தான்.

இரண்டு விதமாகவும் முயன்றேன். ஒன்று, ஈப்போ வீட்டில் ஓடவிட்டு வந்த என் பிளேஸ்டேஷனை ரிமோட் பிளே மூலம் கைப்பேசியில் வாங்குவது. சோனி நம் நாட்டில் விற்கும் பிளஸ் டீலக்ஸ் சந்தாவில் கிளவுட் கிடையாது, எனவே சொந்தப் பெட்டி வீட்டில் இருந்தால்தான் இந்த வழி. இன்னொன்று, நண்பர் ஒருவர் சந்தா கட்டி வைத்திருந்த ஒரு கிளவுட் சேவை.

சோதனைக்கு ‘நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்’ எடுத்தேன். 2020-ல் கோலாலம்பூரின் மெட்ரோனமிக் செய்தது. ‘பைனல் பேண்டஸி 15’ குழுவில் வேலை பார்த்த வான் ஹஸ்மர் ஊர் திரும்பித் தொடங்கிய நிறுவனம். ராக் இசைக்காரர்கள் இரண்டு பேர் நகரத்தை மீட்கும் கதை. எதிரி தாளத்துக்கு அடிப்பான். நாம் தாளம் பிடித்து விலக வேண்டும். தாமதத்தை அளக்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஈப்போவில், வீட்டு பைபரில், வேறு அறையில் இருந்து ஆடியபோது பிசகவே இல்லை. கோயில் மதிலில் உட்கார்ந்து ஆடியபோது, காதுக்குத் தாளம் வந்து நான் விலகுவதற்குள் அடி விழுந்துவிட்டிருந்தது. திரை கட்டம் கட்டமாகச் சிதைந்தது, ஒட்டியது, நின்றது. கிளவுட் சேவை தன் ஓரத்தில் காட்டிய தாமதம் நூறு மில்லி விநாடியைத் தாண்டிக்கொண்டே இருந்தது. டெக்கன் பையனின் கணக்கில் அது ஆறு பிரேம். மெதுவான ஆட்டங்கள் தப்பித்தன. முறை வைத்து ஆடும் ‘சிவிலைசேஷன் 6’ மங்கலாகவாவது ஓடியது, காத்திருக்கத் தெரிந்த ஆட்டம் என்பதால்.

தூரமா காரணம்? கிளவுட் சேவையின் கணினிக் கிடங்கு சிங்கப்பூரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்குச் சாலை வழி ஏறக்குறைய 550 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வர ஆறு மில்லி விநாடிகூடத் தேவையில்லை. நடுவில் இருக்கும் கருவிகள் தாமதத்தைக் கூட்டும் என்றாலும், அதே சேவை ஈப்போ வீட்டில் ஒழுங்காக ஓடியது. ஆகவே இடைஞ்சல் சிங்கப்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவில் இல்லை. பெரிய ரோட்டுக்கும் இந்த மதிலுக்கும் நடுவில், ஒரே கோபுரத்தை மாலையில் எல்லோரும் பங்குபோடும் அந்தச் சில கிலோமீட்டரில் இருக்கிறது. 2023 இறுதியில் 5ஜி மக்கள் வாழும் பகுதிகளில் 80 விழுக்காட்டை எட்டியது. நாடு பெருமைப்பட வேண்டியதுதான். மீதியில் யார் இருக்கிறார்கள் என்று யாராவது இந்த மதிலுக்கு வந்து பார்க்க வேண்டும். விலை உயர்ந்த பெட்டி வேண்டாம், இருக்கும் கைப்பேசியே போதும் என்று சொல்லி விற்கப்படுகிறது கிளவுட். பெட்டி வாங்க முடியாதவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் அது வந்து சேரவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

கைப்பேசி சூடேறி நான் அதை ஓரம் வைத்தபோது பாட்டி தேத்தண்ணி கொண்டுவந்தார். எதை இவ்வளவு நேரம் அமுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். ஈப்போ கடையின் கன்ட்ரோலரைப் பற்றிச் சொன்னேன்: விசை விரலை எதிர்க்கும், பிறகு விட்டுக்கொடுக்கும் என்று. அவர் வலது கையைத் தூக்கி, இல்லாத உளியைப் பிடித்துக் காற்றில் சரிவாக இழுத்துக் காட்டினார்.

“மரம் வெட்டுறதும் அப்படித்தான் தம்பி. லேசா விட்டா பால் வராது. அழுத்திட்டா மரத்துக்குக் காயம், தண்டல் பார்த்தா சத்தம் போடுவாரு. பட்டையில இவ்வளவுதான் சீவணும்.” நகத்தின் விளிம்பைக் காட்டினார். ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தலையில் விளக்கு, நிரை நிரையாக மரம், வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும், ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும். பிறகு மங்கு மங்காகச் சேர்த்து வாளியில் ஊற்றி, மழை வந்தால் அத்தனையும் வீண்.

கேட்கக் கேட்க எனக்கு முழு ஆட்டமும் கண்ணில் தெரிந்தது. ஆழம், வேகம், நேரம், வானிலை: ஆட்டம் வடிவமைப்பவர்கள் தேடி அலைவது எல்லாம் இதில் இருக்கிறது. பட்டையின் ஆழத்தை விரலுக்குச் சொல்ல அந்த விசை இருக்கிறது. செய்யத் தெரிந்தவர்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். கையசைவை மறக்காதவர்கள் இன்னும் உயிரோடு, இப்படி வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘வெண்பா’ ஒரு இட்லித் தட்டிலிருந்து தொடங்கியது. இது ஒரு உளியிலிருந்து தொடங்கலாம். யாராவது சீக்கிரம் தொடங்க வேண்டும்.

கடோற்கசனை எடுத்த அதே பேரன், படிவம் இரண்டு, என்னிடம் வந்து வேறொன்றைக் காட்டினான். மைன்கிராப்ட். 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆட்டம். கைப்பேசியில் ஒருமுறை இறக்கிவிட்டால் தனியாக ஆட லைனே வேண்டாம். உள்ளே ஒரு தோட்டம். இந்தத் தோட்டம்தான், இடிப்பதற்கு முன்.

ஒரு கட்டம் ஒரு மீட்டர். அந்தக் கணக்கில் லயன்கள் முதுகோடு முதுகு நின்றன. கிராணி வீடு மேட்டில், துரை பங்களா இன்னும் மேலே. ஆயாக் கொட்டகை, மருந்துக் கொட்டகை, தண்ணீர்க் குழாய். பால்மரம் அந்த ஆட்டத்தில் கிடையாது என்பதால் வெளிறிய பட்டை உள்ள பர்ச் மரத்தை நிரை பிடித்து நட்டிருக்கிறான். அடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பூந்தொட்டி, அதுதான் மங்கு. அவன் பிறக்குமுன்பே போய்விட்ட இடம் இது. எல்லாம் பாட்டி சொல்லக் கட்டியது. ஆட்டத்தில் இருட்டினால் பேய்கள் எழும். பெரட்டு நேரத்தில் பேய் வரக்கூடாது என்று பாட்டி சொன்னதால் அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறான். அங்கே ஒரு முழு நாள் இருபது நிமிடத்தில் ஓடிவிடும். நாங்கள் நடந்து பார்ப்பதற்குள் இரண்டு முறை விடிந்தது.

அன்று நான் ஆடியதில் மிக மலிவான கருவி அது, மிகக் கரடுமுரடான படமும் அதுதான். அதில்தான் அதிக நேரம் இருந்தேன்.

“இந்த போன் போச்சுன்னா எல்லாம் போயிரும் அங்கிள்” என்றான். உலகத்தை ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம் என்று காட்டி, ஒரு பிரதியை என் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டேன். பக்கத்தில் இருக்கும் கைப்பேசிக்கு அனுப்ப லைன் தேவைப்படவில்லை.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பாட்டியும் வந்து திரையைப் பார்த்துவிட்டார். கள்ளுக்கடை எங்கே என்று கேட்டார். கோயிலுக்கு இடதுபக்கம் என்றார் இவர். ஆத்துப்பக்கம், பாலத்துக்கு அந்தாண்டை என்றார் அவர். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை; எந்த வருடம், எந்தத் துரை காலம் என்று பேச்சு ஏறியது. அடுத்த தாமானில் இருக்கும் பழைய தண்டல் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவாராம், அவரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று பேரன் இரண்டு இடத்திலும் வேலி போட்டு நிலத்தைக் காலியாக வைத்துவிட்டு, துரை பங்களாவின் கூரையைக் கட்டப் போய்விட்டான்.